‘இல்லை’ என்று எழுதிய கட்டம்

கதிர் அறுக்கும் மிஷினில் ஏறினால் மட்டும்தான் நான் ஓரிடத்தில் உட்காருவேன். பேருந்தில் இருக்கை காலியாக இருந்தாலும் படிக்கட்டுப் பக்கம்தான் நிற்பேன். வீட்டில் சாப்பிடும்போது தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பேன். மிஷினில் ஏறிவிட்டால் நான் வேறு ஆள். முன்னால் ஓடும் கத்தி, இடது பக்கம் வரப்பு, பின்னால் வைக்கோல் விழும் சத்தம், டேங்கில் நெல் ஏறும் சத்தம், பெல்ட் வழுக்கினால் ஒரு சத்தம், கல் மாட்டப் போகிறது என்றால் இன்னொரு சத்தம். இத்தனையும் ஒரே நேரத்தில் வந்தால் என் மனம் அடங்கி உட்காரும். ஒன்றை மட்டும் பார் என்றால்தான் அதனால் முடியாது.

வரப்போரம் ஒரு கதிர் மிச்சம் இல்லாமல் அறுக்கிற டிரைவர் என்று வாடிப்பட்டிப் பக்கம் எனக்குப் பெயர் உண்டு. நெல்லூர் வரை போய் அறுத்திருக்கிறேன். இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. பள்ளிக்கூடத்திலிருந்து என்னைப் பற்றி நல்லதாக யாரும் எழுதித் தரவில்லை. எட்டாம் வகுப்பு பாதியில், கணக்குப் பாடம் நடக்கும்போது, சமயநல்லூர் பள்ளியின் பின்சுவரைத் தாண்டிக் குதித்தவன் திரும்பிப் போகவில்லை. அதன்பிறகு டீக்கடை, பந்தல் வேலை, மைக் செட், போர்வெல் லாரி என்று போய், இருபத்தைந்து வயதில் மிஷினுக்கு வந்தேன். ஐந்து மாநிலங்களில் தரையில் படுத்துத் தூங்கியிருக்கிறேன். சில இடங்களில் சோறு நன்றாக இருந்தது, சில இடங்களில் இல்லை. அவ்வளவுதான்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. நான் குதித்து ஓடிய அதே பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். சில மாதங்களுக்கு முன்னால் வகுப்பாசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மகளின் நோட்டைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் முதல் நான்கு வரிகள் முத்து முத்தாக இருந்தன. ஐந்தாவது வரி பாதியில் நின்றிருந்தது. மிச்சப் பக்கம் முழுக்க வெள்ளை.

“தெரியாம இல்ல சார். வாயால கேட்டா அம்புட்டும் சொல்றா. ஆனா எழுதிக்கிட்டு இருக்கும்போதே எந்திரிச்சு ஜன்னல்கிட்டப் போயிடுறா. செருப்பை எங்க விட்டான்னு தினமும் ஒரு பஞ்சாயத்து. அடிச்சுத் திருத்துற விஷயம் இல்லன்னு எனக்குத் தோணுது. மதுரைல டாக்டர்கிட்டக் காட்டுங்க” என்றார்.

என்னை ஒருவர் முதல் முறையாக ‘சார்’ என்றதும் அன்றுதான். அந்த நோட்டில் இன்னும் இரண்டு பக்கம் புரட்டினேன். ஐந்தாவது வரியில் நின்றுபோகும் நோட்டு எனக்கும் இருந்தது. என் காலத்தில் அதற்குப் பெயர் திமிர்.

மதுரையில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் மனநலப் பிரிவுக்குப் போனோம். நான், மனைவி, மகள். முதலில் ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். மனைவி பன்னிரண்டாவது வரை படித்தவள், வீட்டில் ஜாக்கெட் தைக்கிறாள், கையெழுத்து தையல் போலவே நேராக இருக்கும். அவள்தான் எழுதினாள். குழந்தை எத்தனை மாதத்தில் நடந்தது, எப்போது பேசியது என்று வரிசையாக வந்தது. கடைசிப் பக்கத்தில் குடும்ப வரலாறு. தந்தை, தந்தையின் பெற்றோர், தாய், தாயின் பெற்றோர் என்று கட்டங்கள். வலிப்பு, மனநோய், மதுப்பழக்கம், கஞ்சா அல்லது வேறு போதைப் பழக்கம் உண்டா, இல்லையா.

மனைவி என்னைக் கேட்கவே இல்லை. என் வரிசையிலும் என் பெற்றோர் வரிசையிலும் எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’, ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டே போனாள். அப்படி எழுதும்போது அவள் முகத்தில் ஒரு நிமிர்வு இருந்தது. அந்த நிமிர்வுக்கு ஒரு கதை உண்டு.

என் மாமனார் வாடிப்பட்டியில் கொத்தனார். எனக்குப் பெண் கொடுப்பதற்கு முன்னால், பையன் எப்படி என்று என் சொந்தக்காரர்களிடம் அவர் விசாரிக்கவில்லை. சொந்தக்காரன் நல்லதாகத்தான் சொல்வான் என்று நேராக சமயநல்லூர் ஒயின்ஷாப்புக்குப் போனார். பார் நடத்தியவரிடம் என் போட்டோவைக் காட்டி, “இந்தப் பய இங்கன வருவானா?” என்று கேட்டார். பார்க்காரர் என்னோடு பள்ளியில் படித்தவர். “அவனா? தண்ணியோட வாசமே அவனுக்கு ஆகாதுண்ணே” என்றார். அது உண்மை. குடி எனக்கு ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. மாமனார் அன்றே சம்மதம் சொல்லிவிட்டு, எங்கள் மாப்பிள்ளை ஒரு சொட்டு தொடமாட்டார், ஒயின்ஷாப்பிலேயே சான்றிதழ் வாங்கிவிட்டேன் என்று தெரு முழுக்கச் சொன்னார். இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொல்கிறார்.

கஞ்சாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கம் அது ஒரு கேள்வியாகவே இருந்ததில்லை. கேட்காததால் நானும் சொல்லவில்லை.

போர்வெல் லாரியில்தான் பழகினேன், பதினெட்டு வயதில். மிஷினுக்கு வந்தபிறகு அது வழக்கமாகவே ஆனது. காரணம் பனி. பனி காயாமல் கதிர் அறுக்க முடியாது. ஈரத்தோடு அறுத்தால் உள்ளே தாள் சிக்கிக்கொள்ளும். விடிந்தபிறகு மூன்று மணிநேரமாவது வயலோரம் சும்மா இருக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் அந்த நேரத்தில் தூங்குவார்கள், செல்போன் பார்ப்பார்கள். எனக்கு அந்த மூன்று மணிநேரம் உடம்பின்மேல் எறும்பு ஊர்வது போலிருக்கும். ஒரு பொட்டலத்தைப் பிரித்தால் எறும்பு நிற்கும். எறும்பை அது அடக்கியது நிஜம். பிறகு அதற்கு விலையாக என் காதையும் கவனத்தையும் எடுத்துக்கொண்டதும் நிஜம்.

என் மகள் தவழ ஆரம்பித்திருந்த சமயம், சோழவந்தான் தாண்டி ஒரு ஊரில் அறுத்துக்கொண்டிருந்தேன். விதைக்கு வைத்திருக்கும் வயலை மிஷினால் அறுக்க மாட்டார்கள். மிஷினில் அடிபட்டால் மணி உடையும், டேங்கில் வேறு நெல்லும் கலந்துவிடும். அதனால் விதைநெல்லை ஆள் வைத்து அரிவாளால்தான் அறுப்பார்கள். அந்த வயலின் மூலையில் ஒரு குச்சியில் வெள்ளைத் துணி கட்டியிருக்கும். எந்த டிரைவருக்கும் அது தெரியும். அன்று காலை நான் துணியைப் பார்த்தேன். பார்த்தது உள்ளே போகவில்லை. துணியைத் தாண்டி, வரப்பு மேல் ஏறி இறங்கி, விதை வயலில் பாதியை அறுத்துவிட்டேன். வயல்காரர் வரப்பில் ஓடிவந்து கத்தியிருக்கிறார். மிஷினில் பல்லி கத்தினாலும் கேட்கிறவன் என்று என்னைச் சொல்வார்கள். எனக்குக் கேட்கவில்லை.

அவர் எங்கள் ஆட்களில் ஒருவர். அவருடைய அப்பாவும் என் அப்பாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அவர் சொந்தமாக வாங்கிய முதல் நிலம் அது, அந்த விதை அவர் சொந்தமாகக் கட்டிவைக்க இருந்த முதல் விதை. மிஷினை நிறுத்தி இறங்கினேன். திட்டுவார் என்று நின்றேன்.

“அண்ணே, நான் கத்துனது உங்களுக்குக் கேக்கலையா?” என்று மட்டும் கேட்டார்.

அன்று மிச்சப் பொட்டலத்தை வாய்க்காலில் போட்டேன். இரண்டு முறை திரும்பவும் வாங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது முறைதான் நின்றது. தூக்கம் போனது, சாப்பாடு இறங்கவில்லை, எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன். சீசன் வேலை கெட்டுவிட்டது, அதனால் கோபம் என்று மனைவி நினைத்துக்கொண்டாள். காலையில் பனி காயும் வரையிலான நேரத்தைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. நடந்தேன். சட்டைப் பையில் பொட்டுக்கடலையைப் போட்டுக்கொண்டு, மென்றுகொண்டே வாய்க்கால் கரையில் நடந்தேன். வெளியூரில் இருந்தால் அந்த ஊர்க் கரையில். வேலை இல்லாத நாட்களில் சமயநல்லூரிலிருந்து வாடிப்பட்டி வரை போய், பேருந்தில் திரும்பினேன். அப்படி இரண்டு வருடம் நடந்தேன். இப்போதும் நடக்கிறேன்.

நான் செய்த காரியங்களில் பெரியது அதுதான். ஆனால் அதைச் சொல்லிப் பெருமைப்பட ஓர் ஆள் இல்லை. விட்டேன் என்று சொல்ல வேண்டுமானால், தொட்டேன் என்று முதலில் சொல்ல வேண்டும்.

படிவத்தை வாங்கிப் பார்த்த பெண் மருத்துவர் என்னைவிடப் பத்து வயது சின்னவராக இருப்பார். நடுவில் அவருடைய அம்மா போனில் வந்தார். சௌராஷ்டிர மொழியில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு எங்களிடம் தமிழுக்குத் திரும்பினார். மகளோடு தனியாக வெகுநேரம் பேசினார். பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டார்.

“உங்க பொண்ணுக்குச் சோம்பேறித்தனமும் இல்ல, திமிரும் இல்ல. கவனக் குறைபாடுன்னு சொல்லுவோம். மூளை கவனத்தைப் பங்கு போடுற விதம் வேற மாதிரி. வளர்ப்புல நீங்க தப்புப் பண்ணிட்டதா நினைக்காதீங்க. இது பெரும்பாலும் குடும்பத்துல ரத்தத்தோட வர்றது.”

திமிர் இல்லை என்று அவர் சொன்னபோது என் தோளில் இருந்து ஏதோ இறங்கியது. அது மகளுக்காக மட்டும் இல்லை.

அவர் படிவத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். “குடும்பத்துல கஞ்சா, போதைப் பழக்கம் எதுவும் இல்லன்னு எழுதியிருக்கீங்க. நல்லது. எதுக்குக் கேக்குறோம்னா, இந்தக் கவனக் குறைபாடு வர்றதுல பங்கு இருக்கிற மரபணுக்கள் நிறைய. அதுல சிலது, கஞ்சாப் பழக்கத்துப் பக்கம் ஒரு ஆளைத் தள்ளுறதுலயும் பங்கு எடுக்குது. ஒரே ஒரு ஜீன்னு நினைச்சுக்காதீங்க. நிறைய ஜீன், ஒவ்வொண்ணும் கொஞ்சூண்டு தள்ளும். இந்தப் பிள்ளைங்கள்ல நிறைய பேரு அந்தப் பக்கமே போறதில்ல. ஆனா வீட்டுல ஏற்கனவே அந்தத் தடம் இருந்தா, நாங்க பத்துப் பதினஞ்சு வயசுலயே பேசி வைப்போம். எந்த மாத்திரை குடுக்கலாம், யார் கையில குடுக்கலாம்னும் யோசிப்போம்.”

மனைவி, “அந்த மாதிரி எங்க வீட்டுல யாரும் கிடையாதுங்க மேடம்” என்றாள்.

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாரம் கழித்து ஆசிரியையிடம் ஒரு தாளை நிரப்பி வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். “வீட்டுப் பெரியவங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க” என்றும் சொன்னார்.

அந்த இரண்டு வாரமும் வாடிப்பட்டியில் அறுப்பு. மிஷினில் உட்கார்ந்தபடி நான் யோசித்தது இதைத்தான். சொன்னால் மாத்திரை தர மாட்டார்களோ. கஞ்சாக்காரன் வீட்டுக்கு எப்படித் தருவது என்று நினைத்துவிட்டால்? சொன்னால் மனைவி முகத்தில் இருந்த அந்த நிமிர்வு போகும். சொல்லாவிட்டால், நான் பதினெட்டு வயதில் லாரிக்கு அடியில் எதைத் தொட்டேன் என்று தெரியாமலே தொட்டது போல, என் மகளும் ஒருநாள் தொடுவாள். எறும்பு நிற்கும்போது அவளுக்கும் அது மருந்து போலத்தான் இருக்கும். அவளிடம் யாரும் முன்னால் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்குச் சொல்ல ஆள் இல்லை, அது போகட்டும். அவளுக்கு நான் இருக்கிறேன்.

வயலில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது சாய்வைப் பொறுத்தது. சாய்வு தெரிந்தவன்தான் சரியான இடத்தில் வரப்பு போடுவான்.

பெரியவர்களைக் கேட்கச் சொன்னதால் அக்காவைப் பார்க்கப் போனேன். அம்மா போனபிறகு எனக்குப் பெரியவர் என்றால் அக்காதான். சத்துணவு மையத்தில் சமையல் வேலை. அவித்த முட்டைகளை உரித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அப்பா அமாவாசைக்கு அமாவாசை மலைக்குப் போவாருல்ல.”

“ஆமா. சாமியாருகளோட போவாரு. அம்புட்டு பக்தி.”

“அங்க கஞ்சாச் சிலும்பி ஊதுவாருல்ல.”

அக்கா உரிப்பதை நிறுத்தினாள். “அது சாமி சமாச்சாரம். இப்ப எதுக்கு அது?”

பாப்பாவைப் பற்றி டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பிறகு, நானும் பன்னிரண்டு வருடம் கஞ்சா அடித்தேன், விட்டுப் பதினோரு வருடம் ஆகிறது என்றேன். அக்கா கையிலிருந்த முட்டையைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தாள்.

“நீயுமாடா?”

“ம்.”

“விட்டுத் தொலைச்சுட்டேல்ல? அப்புறம் எதுக்குடா இப்பச் சொல்ற? செத்த பாம்பை எடுத்து எதுக்கு வீட்டுல போடுற?”

“பாப்பாவுக்குத் தெரியணும்க்கா.”

“உன்னையச் சொல்லிக்க. அப்பாவைக் காகிதத்துல ஏத்தாத. அவரு சாமிக்கு ஊதுனாரு. நீ எந்தச் சாமிக்கு ஊதுன?”

நானும் இரண்டு முட்டை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அப்பாவின் போட்டோ அக்கா வீட்டில் சாமி படங்களோடு மாட்டியிருக்கிறது. அவரை ஊரில் சாமிக்கு நேர்ந்தவர் என்பார்கள். பாதிக் களையெடுப்பில் வயலைவிட்டு ஏறிப் போய்விடுவார். சொல்லாமல் கொள்ளாமல் பத்து நாள் காணாமல் போவார். அம்மா தனியாகக் கூலிக்குப் போனாள். அதையெல்லாம் பக்தி என்று வைத்துக்கொண்டதால் எங்களுக்கு வலி கொஞ்சம் குறைந்தது. என்னை ஒருமுறை மலைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு பாறையில் சிலும்பியோடு அவர் ஒரு மணிநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அப்பா ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். அன்று எனக்கு அது ஒன்றும் தோன்றவில்லை. இப்போது தோன்றியது. அவருக்கும் எறும்பு ஊர்ந்திருக்கிறது.

மறுநாள் காலை அக்கா போன் செய்தாள். “ஏத்துறதுனா ஏத்திக்க. ஆனா பக்கத்துலயே சாமிக்குன்னு எழுதச் சொல்லு” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இரண்டாம் முறை போனபோது மகளை வெளியே படம் வரைய உட்கார வைத்தார்கள். மருத்துவர் ஆசிரியையின் தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். அவர் பேசுவதற்குள் நான் பேசினேன்.

“மேடம், அந்தக் கடைசிப் பக்கத்துல எழுதியிருக்கது தப்பு. எங்க அப்பா கஞ்சா அடிச்சாரு. நானும் அடிச்சேன். பன்னெண்டு வருஷம். விட்டுப் பதினோரு வருஷம் ஆச்சு. இதனால எம்புள்ளைக்கு மாத்திரை இல்லைன்னு சொல்லிராதீக.”

மனைவி என் பக்கம் திரும்பவில்லை. மேசையைப் பார்த்தபடியே, “அந்தப் பேப்பரைக் குடுங்க மேடம்” என்றாள். வாங்கி, என் கட்டத்தில் இருந்த ‘இல்லை’யை ஒரே கோடாக அடித்தாள். பேனா தாளில் பதிந்தது. மேலே ‘உண்டு’ என்று எழுதினாள். அப்பாவின் கட்டத்தில் கை நின்றது. “அதுக்கும் உண்டுதான்” என்றேன். “பக்கத்துல சாமிக்குன்னு போடணுமாம். அக்கா சொல்லுச்சு.”

மருத்துவர் சிரிக்கவில்லை. “போடுங்க. அதுவும் தகவல்தான்” என்றார். மனைவி அடைப்புக்குறி போட்டுச் ‘சாமிக்கு’ என்று எழுதினாள்.

பிறகு மருத்துவர் என்னிடம் கேட்டார். “யார்கிட்டயும் வைத்தியத்துக்குப் போனீங்களா?”

“இல்லங்க. நடந்தேன்.”

“தனியாவா?”

“ஆமாங்க. யாருக்கும் தெரியாது.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “உங்களுக்கும் சின்ன வயசுலயிருந்து இந்தக் கவனக் குறைபாடு இருந்திருக்கலாம். அதையும் பாத்துரலாம். அப்படி இருந்தா விடுறது மத்தவங்களைவிடக் கஷ்டம். இப்படித் தனியா விடுங்கன்னு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், உதவி கேட்டுத்தான் வரணும். ஆனா நீங்க செஞ்சது சின்ன வேலை இல்ல.”

பதினோரு வருடமாக யாராவது சொல்வார்களா என்று நான் காத்திருந்தேன் போலிருக்கிறது. காத்திருந்தது அதைக் கேட்டபிறகுதான் எனக்கே தெரிந்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

மாத்திரை தர மறுக்கவில்லை. பொருத்தமானதைப் பார்த்துத் தந்து, அம்மா கையில்தான் இருக்க வேண்டும், சொன்ன அளவு சொன்ன நேரம், மாதம் ஒருமுறை கூட்டிவர வேண்டும் என்றார். மாத்திரையே பழக்கமாகிவிடாதா என்று மனைவி கேட்டாள். மேற்பார்வையில் சரியாகக் கொடுத்தால் அந்தப் பயம் வேண்டாம், வைத்தியம் செய்யாமல் விடுவதில்தான் தொல்லை அதிகம் என்றார். மகளிடம் அவள் வயதுக்கு ஏற்ற மாதிரி நாங்களே சொல்லிவிடுவது நல்லது என்றும் சொன்னார்.

திரும்பும்போது பேருந்தில் மனைவியும் மகளும் உட்கார்ந்தார்கள். நான் படிக்கட்டருகில் நின்றேன். பாத்திமா கல்லூரி தாண்டும்வரை மனைவி மகளின் பக்கத்திலேயே இருந்தாள். பிறகு எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“எங்கப்பா ஒயின்ஷாப்புல போயி விசாரிச்சாரு. பொட்டலம் விக்கிறவன்கிட்டப் போயிக் கேக்கணும்னு அவருக்குத் தோணல பாருங்க.”

“கேட்டிருந்தா அவன் நல்ல பையன்னுதான் சொல்லியிருப்பான். தவறாம வாங்குனேன்ல.”

அவள் சிரிக்கவில்லை. அடுத்த ஒன்பது நாட்கள் என்னிடம் சோற்றுக்கு, தண்ணீருக்கு மட்டும்தான் பேசினாள். பத்தாம் நாள் காலை, நான் நடக்கக் கிளம்பும்போது, ஒரு டப்பாவில் பொட்டுக்கடலை வறுத்து உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுக் கொடுத்தாள். “எதுக்கு எப்பப் பாரு இதைத் திங்குறீகன்னு பதினோரு வருஷமா கேட்டுக்கிட்டு இருந்தேன்” என்றாள். அவ்வளவுதான். அவளுடைய கோபம் நியாயம், அது போகவும் இல்லை. நானும் போகச் சொல்லிக் கேட்கவில்லை.

மகளிடம் வாய்க்கால் கரையில் சொன்னேன். உட்கார வைத்துச் சொன்னால் இருவருக்குமே மண்டையில் ஏறாது, அதனால் நடந்துகொண்டே சொன்னேன். தாத்தா, நான், அவள். எறும்பு, பனி, பொட்டலம், வெள்ளைத் துணி, விதைநெல், சாய்வு, வரப்பு. எதையும் குறைக்கவில்லை.

“எனக்கும் எறும்பு ஊரும்ப்பா. கணக்கு பீரியட்ல” என்றாள்.

“தெரியும். அதுக்குத்தான் மாத்திரை. பெரியவளானதும் ஒருத்தர் வந்து, இதை இழு, எறும்பு நிக்கும்னு சொல்லுவாக. நிக்கும். நிக்கிறதுதான் அதுல இருக்க வினை.”

“அப்புறம் கூப்புட்டாக் காது கேக்காது.”

“ஆமா.”

“நீங்க விட்டதுக்கப்புறம் எம்புட்டு தூரம் நடந்தீங்க?”

“வாடிப்பட்டி வரைக்கும்.”

“தினமுமா?”

“தினமும்.”

அவள் வாயால் விசிலடித்தாள். அதை யாரிடம் கற்றாள் என்று தெரியவில்லை.

மூன்று மாதம் போனது. நோட்டில் ஐந்தாவது வரி முடிந்தது, பக்கமும் முடிய ஆரம்பித்தது. எல்லா நாளும் இல்லை. செருப்பு மட்டும் இன்னும் அங்கங்கேதான் கிடக்கிறது. இதற்கிடையில் ஒருநாள் மதியம், நான் வீட்டில் மிஷின் பெல்ட்டைத் தைத்துக்கொண்டிருந்தபோது, வகுப்பாசிரியை போனில் கூப்பிட்டார். குரல் சரியில்லை. “கொஞ்சம் வந்துட்டுப் போங்க சார்” என்றார்.

போனேன். தலைமையாசிரியை அறையில் அவரும் வகுப்பாசிரியையும் இருந்தார்கள். மகள் மூலையில் ஒற்றைக் காலில் நின்று மறுகாலை ஆட்டிக்கொண்டிருந்தாள். விஷயம் இதுதான். அன்று காலை இறைவணக்கத்தில் போதை ஒழிப்பு உறுதிமொழி எடுத்திருக்கிறார்கள். முடிந்ததும், யாராவது இதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுகிறீர்களா என்று தலைமையாசிரியை கேட்டிருக்கிறார். மனப்பாடம் செய்துவந்த பிள்ளைகள் பேசத் தயாராக நின்றிருக்கிறார்கள். என் மகள் அவர்களை முந்திக்கொண்டு ஓடி மைக்கைப் பிடித்திருக்கிறாள்.

“நீ என்ன சொன்னேன்னு அப்பாகிட்டச் சொல்லு” என்றார் தலைமையாசிரியை.

மகள் தயங்கவில்லை. “எங்க அப்பா பன்னெண்டு வருஷம் கஞ்சா அடிச்சாங்க. அப்புறம் தினமும் வாடிப்பட்டி வரைக்கும் நடந்து விட்டுட்டாங்க. எங்க தாத்தாவும் அடிச்சாங்க, அவங்க சாமிக்கு. எனக்கும் அந்தப் பக்கம் சாய்வு இருக்குன்னு டாக்டர் சொன்னாங்க. அதனால நான் இப்பவே வரப்பு போடுறேன்.”

முந்நூறு பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் சமயநல்லூருக்குத் தெரியும், ராத்திரிக்குள் வாடிப்பட்டியில் மாமனாருக்குத் தெரியும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

“குழந்தை கற்பனையா பேசுறாளோன்னுதான் கூப்பிட்டோம்” என்றார் தலைமையாசிரியை. “இதுல எதுவும் உண்மை இல்லன்னா நாளைக்கு நானே மைக்ல மறுத்துச் சொல்லிடுறேன்.”

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் திரும்ப மூடிவிடலாம். மகள் ஆட்டிய காலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“உண்மைதாங்க டீச்சர்” என்றேன். “ஒண்ணு மட்டும் தப்பு, அது நான் கூட்டிச் சொன்னது. தினமும் வாடிப்பட்டி வரைக்கும் இல்ல. வேலைக்குப் போற நாள்ல அந்தந்த ஊர் வாய்க்கால் வரைக்கும்தான்.”

வகுப்பாசிரியை முதலில் சிரித்தார். தலைமையாசிரியை, உட்காருங்கள் என்று நாற்காலியைக் காட்டினார். அந்தப் பள்ளியில் என்னை உட்காரச் சொன்னவர்கள் நிறைய பேர். உட்கார்ந்தது அன்றுதான். இரண்டு நிமிடம் இருக்கும். பிறகு எழுந்துவிட்டேன்.

மாமனார் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து காபியைக் குடித்து முடித்தார். “மாப்ள, இனிமே நான் கல்யாண வீட்டுல என்னத்தச் சொல்றது?” என்று கேட்டார். “விட்டுட்டாருன்னு சொல்லுங்க மாமா” என்றாள் அன்று வந்திருந்த என் அக்கா, அடுப்படியிலிருந்து. அவர் பேத்தியின் நோட்டை வாங்கிப் புரட்டினார். கடைசி வரி வரை நிறைந்த ஒரு பக்கத்தில் வெகுநேரம் நின்றார்.

மகள் மைக்கைப் பிடித்த அந்த நாளில், பள்ளியிலிருந்து நானும் அவளும் வாசல் வழியாகவே வெளியே வந்தோம். நான் குதித்த பின்சுவர் இப்போது உயர்த்திக் கட்டப்பட்டிருக்கிறது. அதை அவளுக்குக் காட்டினேன். “அப்ப இம்புட்டு உசரம் இல்ல” என்றேன். மெயின் ரோட்டுக்கு வந்து, டீக்கடை தாண்டி, பாதி வழி நடந்தபிறகுதான் கவனித்தேன். அவள் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தாள்.

“செருப்பு எங்க?”

குனிந்து தன் காலைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள். தலைமையாசிரியை அறை வாசலில் கழற்றிய என் செருப்பும் அங்கேயேதான் கிடந்தது.

இருவரும் திரும்பிப் போனோம்.